பூனையின் நகமும் வீட்டாரின் கடமையும்

பூனைக்கு மணி கட்டுவது யார் என்னும் வினா எலிகளின் அவையிலே எழுந்ததாகக் கதை கூறும். பூனைக்கு நகம் வெட்டுவது யார், வெட்டத்தான் வேண்டுமா என்னும் வினாவோ மனிதர் வீட்டிலே எழுவது. முன்னையது சிரித்துக் கேட்பதற்குரிய கதை. பின்னையது சிறு வினாவாகத் தோன்றினும், அதற்குத் தவறான விடை காணப்படுமாயின் ஒரு குழந்தையின் நலமோ, வாயில்லாப் பிராணி ஒன்றின் உயிரோ கேடுறக்கூடும். ஆதலின் அதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைக் கடந்து தெற்கு நோக்கி வருவோர் காணும் பெரிய சந்தி பரந்தன். கண்டிப் பெருவீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி இங்கேதான் பிரிந்து செல்கின்றது. சுற்றிலும் வயல். 1902 ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்று 1920 ஆம் ஆண்டில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் நீர் இந்நிலத்தை நெல் விளையும் பூமியாக்கிற்று. போரின்போது இவ்வூரார் வீடு வாசலை விட்டு அகன்றனர். பின்னர் மீண்டு வந்தோர் காடு மண்டிக் கிடந்த காணிகளைத் திருத்தி மறுபடியும் ஏர் பூட்டினர். காலபோகத்து நெல் மாசி, பங்குனியில் வீடு வந்து சேர்கின்றது. முன்னாளிற் கொம்பறையில் இட்டு வைத்த நெல்லை இந்நாளிற் சாக்குகளில் நிறைத்து வீட்டின் ஒரு புறத்தே அடுக்கி வைக்கின்றனர். நெல் வந்த வீட்டுக்கு எலியும் வரும். எலி வந்த வீட்டுக்குப் பூனை வேண்டும். எனவே பரந்தனிற் பூனை விளையாட்டுப் பொருளன்று. நெல்லுக்கு நின்ற காவலாளி.

இந்தக் காவல் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. மனிதன் தானியத்தைச் சேமித்து வைக்கத் தொடங்கிய காலத்திலேயே, அதைத் தின்ன வந்த எலியைத் தொடர்ந்து பூனையும் அவன் மனையை நாடிற்று என்பர் ஆராய்ச்சியாளர். சைப்பிரசுத் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தமையை அவர்கள் கண்டறிந்து 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனை இல்லாமையால், அதனை மனிதர் படகேற்றிக் கொண்டு சென்றிருத்தல் வேண்டும். தமிழ் மரபிலும் இவ்வறிமுகம் பழையது. தொல்காப்பியத்து மரபியல், வெருகையும் எலியையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டன் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. வெருகு என்பது பூனைக்கு வழங்கிய பழம்பெயர். பகைவர் இருவரும் இலக்கணத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். நெல்மூடையின் அருகிலும் அவ்வாறே.

இனி, பரந்தனில் ஒரு கமக்காரர் வீட்டை மனத்தகத்தே எண்ணிக்கொள்வோம். மாலை வேளை. விறாந்தையிலே சிறுமி ஒருத்தி நூற்கயிற்றை இழுத்து இழுத்துப் பூனையோடு விளையாடுகின்றாள். கயிற்றின்மேற் பாய்ந்த பூனையின் கால் அவள் கையிற் படுகின்றது. செந்நிறக் கோடொன்று தோன்றி, அதில் இரத்தம் பொடிக்கின்றது. தாய் ஓடி வருகின்றாள். "இந்தப் பூனை இனி இங்கே வேண்டாம். சாக்கிலே போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட வேண்டியதுதான்" என்கின்றாள். அழுகையினூடே சிறுமி பாட்டியைப் பார்க்கின்றாள்.

"அம்மம்மா, பூனையைக் கொண்டுபோய் விட வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டாற் காணும்தானே?"

"நகத்தை வெட்டினால் அது எலியை என்னத்தாலை பிள்ளை பிடிக்கும்?"

தாயின் சொல்லிலே அச்சம் உண்டு. சிறுமியின் சொல்லிலே அன்பு உண்டு. பாட்டியின் சொல்லிலே அனுபவம் உண்டு. மூன்றும் மதிக்கத்தக்கனவே. ஆயினும் எது சரியான வழி என்று துணிவதற்கு, முதலிற் பூனையின் நகம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

பூனையின் முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்களும் பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்களுமாகப் பதினெட்டு நகங்கள் உள்ளன. முன்காலின் ஐந்தாவது நகம் நமது பெருவிரல்போல உட்பக்கத்தில் சற்று மேலே இருப்பது. அது நிலத்தைத் தொடுவதில்லை. நமது நகம் விரல் நுனியின் மேலே தகடுபோற் படிந்து கிடக்கின்றது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்தே கொக்கிபோல வளைந்து வளர்கின்றது. அவ்வெலும்பு மீள்சக்தியுள்ள நாரினாற் பின்னோக்கி இழுக்கப்பட்டிருப்பதால், பூனை ஓய்ந்திருக்கும்போது நகம் தானாகவே தோலின் மடிப்புக்குள் ஒடுங்கியிருக்கும். அடிப்பக்கத்துத் தசைநாணைப் பூனை இறுக்கியதும் எலும்பு முன்னோக்கித் திரும்ப, நகம் வெளிப்படும். வாளை உறையிலிருந்து உருவுவதற்குத்தான் முயற்சி வேண்டும்; மீண்டும் உறையுள் இடுவதற்கு வேண்டியதில்லை. பூனை ஓசையின்றி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாயின் நகம் எப்பொழுதும் வெளியே நின்று நிலத்தில் உரைந்து மழுங்கும். பூனையின் நகம் நடையினால் தேய்வதில்லை; அதனாலேயே அது கூர்மை கெடாது நிற்கின்றது.

நடையினால் தேயாத நகத்தைப் பேணுவதற்கு இயற்கை வேறு வழி வகுத்துள்ளது. நகம் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த உறைகளால் ஆனது. பழைய உறை கழன்றதும் அதன் கீழே புதிய கூரிய நகம் தோன்றும். முன்கால் நகங்களின் பழைய உறையைக் கழற்றுவதற்குப் பூனை மரத்தைப் பிறாண்டுகின்றது. பின்கால் நகங்களை வாயாற் கடித்துச் சீர்செய்கின்றது. வேம்பின் அடியிலோ வேலிக் கதியாலின் அருகிலோ உற்று நோக்கினால், பிறை வடிவான மெல்லிய சிம்புகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அவை பூனை கழற்றிய உறைகள். அன்றியும், பாதத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் மணத்தை மரத்திற் பதித்து, "இஃது என் எல்லை" என்று பிற பூனைகளுக்கு அறிவித்தலும், உறங்கி எழுந்த உடலை நீட்டி முறித்தலும் அதே செயலால் நிறைவேறுகின்றன. ஆகவே கதிரையையும் மெத்தையையும் பூனை கிழிப்பது குறும்பன்று. மரம் கிடையாதவிடத்து மரத்துக்குப் பதிலாக அதற்குக் கிடைத்தவை அவையே.

நகத்தினாற் பூனை செய்யும் வேலைகள் பல. எலியைப் பற்றுவது நகம், கொல்வது பல். நாய் துரத்தும்போது மரத்தில் ஏற்றிவிடுவது நகம். மதிலின்மேல் நடக்கையிற் கால் வழுக்கினால் உடலைத் தாங்கிப் பிடிப்பதும் நகமே. பரந்தன் போன்ற ஊரிலே முற்றத்திலும் வயல் வரம்பிலும் இராப்பொழுதைக் கழிக்கும் பூனைக்குக் கட்டாக்காலி நாய்கள் அஞ்சத்தக்க பகை. அத்தகைய பூனையின் நகத்தை நறுக்கிவிட்டு வெளியே அனுப்புதல், வேட்டைக்குப் போகிறவனின் கத்தியை மழுக்கி அனுப்புவதை ஒக்கும். நறுக்கிய நுனி சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் நாய் வருவது அந்தச் சில வாரங்களுக்குக் காத்திராது. ஆகையால், வெளியே திரிந்து வேட்டையாடும் உடல்நலமுள்ள பூனைக்குப் பொதுவாக நகம் வெட்டுதல் வேண்டா. பாட்டியின் அனுபவம் இவ்விடத்தில் வென்றுவிடுகின்றது.

எனினும் எல்லாப் பூனைகளும் முற்றத்துப் பூனைகளல்ல. பரந்தனிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையின் மாடிவீட்டுக்கோ கனடாவின் ரொறன்ரோ நகருக்கோ சென்று வாழும் குடும்பத்தார் வளர்க்கும் பூனை, வாசற்படியைத் தாண்டாமலே வாழ்நாளைக் கழிக்கக்கூடும். அதற்கு ஏற மரமும் இல்லை. துரத்தும் நாயும் இல்லை. அதன் நகம் நீண்டு வளைந்து திரைச்சீலையிற் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை இழுக்கும்போது விரல் காயமுறும். இத்தகைய பூனைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் நுனியை நறுக்குதல் நன்று.

முதுமை எய்திய பூனைக்கு, அது வீட்டிலிருப்பினும் வெளியே திரியினும், இக்கவனம் இன்றியமையாதது. மூட்டு நோவினால் அது முன்போல மரத்தைப் பிறாண்டாது. பழைய உறை கழலாமல் நகம் தடித்து, வட்டமாக வளைந்து, ஈற்றில் தன் பாதத்தின் மெத்தென்ற தசையையே குத்தித் துளைக்கும். நிலத்தைத் தொடாத ஐந்தாவது நகத்திலே இது மிகுதியாக நேரும். பூனை நொண்டுகின்றது, முள் ஏறியிருக்கும் என்று வீட்டார் எண்ணியிருக்க, அந்த முள் அதன் சொந்த நகமாகவே இருத்தலும் உண்டு. எனவே கிழப் பூனையின் பாதத்தை அடிக்கடி பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் வாழும் மனிதரையும் கருதுதல் வேண்டும். தவழும் குழந்தை, தோல் மெலிந்த முதியவர், நீரிழிவினாற் புண் ஆற அரிதாயவர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர் ஆகியோருடன் நெருங்கிப் பழகும் பூனைக்கு நுனி நறுக்குதல் தக்கதே. அப்பொழுது பூனையை இரவில் வெளியே விடாது காத்தலும் வீட்டாரின் கடமையாகிவிடும். ஆயுதத்தை வாங்கிக்கொண்டவர் பாதுகாப்பையும் கொடுத்தல் வேண்டுமன்றோ?

நறுக்கும் முறை கடினமானதன்று. ஆனாற் பொறுமை வேண்டும். உண்டு களைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும் வேளையே உகந்தது. பூனையை மடியில் வைத்து, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளிப்படும். வெளிச்சத்திற் பார்த்தால் அதன் அடிப்பகுதி இளஞ்சிவப்பாகவும் நுனி கண்ணாடிபோலவும் தோன்றும். சிவந்த பகுதியில் இரத்தக்குழாயும் நரம்பும் உள்ளன. அதனை ஒருபோதும் தீண்டலாகாது. வளைந்த நுனியை மட்டும் கூரிய நகவெட்டியால் நறுக்குதல் வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் நகத்தைப் பிளந்துவிடும். தவறி இரத்தம் வந்தால், தூய துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாலோ, சோளமாவைத் தொட்டு வைத்தாலோ நின்றுவிடும். நில்லாவிடின் மிருக வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். நோவுக்கென்று மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தல் பெருந்தவறு. நாம் சாதாரணமாக விழுங்கும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக்கூடும்.

பதினெட்டு நகங்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்னும் நியதியில்லை. பூனை திமிறினால் விட்டுவிட்டு மறுநாள் இரண்டு விரல்களைப் பார்த்துக்கொள்ளலாம். குட்டிப் பருவத்திலேயே பாதத்தைத் தொட்டுப் பழக்கினால், வளர்ந்த பின்னர் அது முரண்டு பிடிப்பது குறையும். நகம் வெட்டுவதற்கு முன்னதாகவே செய்யத்தக்க ஏற்பாடு ஒன்றும் உண்டு. தும்புக்கயிற்றை நெருக்கமாகச் சுற்றிய உறுதியான மரக்குற்றியொன்றைப் பூனை உறங்கும் இடத்துக்கு அருகே அசையாமல் நிறுத்துதல் வேண்டும். பூனை பின்கால்களில் நின்று உடலை முற்றாக நீட்டுவதற்கு ஏற்ப, அஃது ஏறத்தாழ மூன்று அடி உயரம் இருத்தல் நன்று. தும்புக்கும் குற்றிக்கும் நம் நாட்டிற் பஞ்சமில்லை. இதனைச் செய்துவிட்டாற் கதிரைகள் பெரும்பாலும் தப்பிக்கொள்ளும்.

நகத்தின் நுனியை நறுக்குதல் வேறு. நகத்தை அடியோடு களைதல் வேறு. மேலைநாடுகள் சிலவற்றில், தளபாடங்களைக் காப்பதற்கெனப் பூனையின் நகத்தைச் சத்திரசிகிச்சையால் முற்றாக நீக்கும் வழக்கம் பரவியிருந்தது. நகம் எலும்பிலிருந்து வளர்வதாகலின், அது திரும்பவும் வளராதிருக்க ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டியெறிதல் வேண்டும். மனிதரின் கைவிரல்கள் பத்தையும் முதற் கணுவோடு தறித்துவிடுதலுக்கு இஃது ஒப்பாகும். இதன் பின்னர்ப் பூனையின் நடை மாறுகின்றது. நோவு நிலைத்துவிடுதலும் உண்டு. நகத்தை இழந்த சில பூனைகள் பல்லை நாடிக் கடிக்கத் தொடங்குகின்றன. இக்கொடுமையை உணர்ந்த நாடுகள் பல இதனை விலக்கியுள்ளன. பிரித்தானியாவில் இது சட்டத்துக்கு மாறானது. இஸ்ரவேல் 2011 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக நியூயோர்க் 2019 ஆம் ஆண்டிலும் தடைசெய்தன. கனடாவின் நோவா ஸ்கோஷியா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களின் மிருக வைத்தியர் அமைப்புகள் 2018 ஆம் ஆண்டில் இதனை விலக்கின. இலங்கையில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை, வேரூன்றவும் வேண்டா. பிராணிகளைக் கொடுமைப்படுத்துதல் குற்றம் என்று இந்நாட்டிற் கட்டளைச் சட்டம் பிறந்தது 1907 ஆம் ஆண்டிலேயே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இப்பொழுது சிறுமியின் கையில் விழுந்த செந்நிறக் கோட்டுக்குத் திரும்புவோம். தாயின் அச்சம் வீணானதன்று. ஆனால் அவ்வச்சம் சாக்கை நோக்கிச் செல்லாது முதலிற் சவர்க்காரத்தை நோக்கிச் செல்லுதல் வேண்டும். கீறல் விழுந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் ஆகாது.

பின்பு கருதத்தக்கவை மூன்று. முதலாவது விசர்நோய். நாய்க்கடிக்கு அஞ்சி வைத்தியசாலைக்கு ஓடுவோர், பூனைக் கீறலை ஒரு பொருட்டாக எண்ணாதிருத்தல் பலவிடங்களிற் காணப்படுவது. விசர்நோய் பூனையையும் பற்றும். தன் பாதத்தை நக்கும் பிராணியாகலின், நோயுற்ற பூனையின் உமிழ்நீர் அதன் நகத்திலும் படிந்திருக்கக்கூடும். நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் தடுப்பூசியால் முற்றாகத் தடுத்துவிடலாம். ஆதலால், கீறியது தடுப்பூசி ஏற்றாத பூனையாயினும், ஊர் பேர் தெரியாத பூனையாயினும், தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும். இரண்டாவது ஏற்புவலி. அதற்குரிய தடுப்பூசி உரிய காலத்தில் ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் வைத்தியர் கேட்டறிவார்.

மூன்றாவது, பூனைக் கீறல் நோய் என்றே பெயர் பெற்றது. பிரான்சு தேசத்து வைத்தியர் றொபேர் டெப்ரே 1950 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். கீறல் பட்டுச் சில நாட்களில் அவ்விடத்திற் சிறு கொப்புளம் தோன்றும், பின்னர்க் கக்கத்திலோ கழுத்திலோ நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். பெரும்பாலாரிடம் இது தானாகவே தணிந்துவிடும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரிடம் கடுமையாகலாம். இதனை விளைக்கும் பற்றீரியா நகத்திற் பிறப்பதன்று. பூனையின் உடலிலுள்ள தெள்ளே அதனைப் பரப்புகின்றது. தெள்ளின் கழிவு நகத்திற் படிந்து, கீறல் வழியே மனித உடலுட் புகுகின்றது. ஆகவே இந்நோய்க்கு மெய்யான காப்பு, நகவெட்டியைக் காட்டிலும் தெள்ளை ஒழித்தலேயாகும்.

இவ்வளவும் அறிந்தபின், பரந்தன் வீட்டின் வழக்குக்குத் தீர்ப்புக் கூறுதல் எளிது. சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விடுதல் தீர்வன்று. விடப்பட்ட பூனை பசியாலோ, நாயாலோ, கண்டி வீதியில் விரையும் வாகனத்தாலோ மாளும். மாளாவிடின் தடுப்பூசியும் கவனிப்பும் இன்றிப் பெருகி, வேறொரு வீட்டுக் குழந்தையைக் கீறும். பூனை அகன்ற வீட்டிலோ எலி பெருகும். எலியின் சிறுநீரால் நீரும் சேறும் மாசுற, எலிக்காய்ச்சல் பரவும். 2024 ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்நோய் உயிர்களைக் கொண்டதை வடபகுதி மக்கள் மறந்திரார். பூனை ஒன்றே அந்நோய்க்குக் காப்பாகிவிடும் என்று கொள்ளலாகாது; ஆயினும் எலிக்கு இடங்கொடுத்தல் அறிவுடைமையன்று.

ஆகவே அப்பூனை வீட்டிலேயே இருக்கட்டும். முற்றத்துப் பூனையாகலின் அதன் நகமும் இருக்கட்டும். ஆண்டுதோறும் அதற்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்படட்டும், தெள்ளு நீக்கப்படட்டும், விறாந்தை மூலையிலே தும்புக்கயிறு சுற்றிய குற்றி ஒன்று நிற்கட்டும். அது கிழடான காலத்தில், இன்றைய சிறுமியே அதன் பாதத்தைப் பிடித்து நகநுனியை நறுக்கிவிடுவாளாக. அவளுக்கு இப்பொழுதே கற்பிக்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. பூனையோடு விளையாடும்போது கையை இரையாகக் காட்டாது, நீண்ட கயிற்றின் நுனியையே காட்டுதல் வேண்டும். அது வாலை வீசி, காதைப் பின்னே சாய்க்கும்போது விளையாட்டை நிறுத்திவிடுதல் வேண்டும். கீறுமுன் பூனை சொல்லும் சொல் அது.

பூனைக்கு நகம் வெட்டலாமா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. எந்தப் பூனைக்கு, எந்த வீட்டில், எந்தப் பருவத்தில் என்று கேட்டறிந்து விடை காணுதல் வேண்டும். நகம் பூனையின் குற்றமன்று, அதன் கருவி. அந்தக் கருவியை நம்பித்தான் ஒரு காலத்தில் நாம் நெல்லை அதன் காவலில் விட்டோம். காவலாளியின் கருவியினால் நம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அவனை வேலைக்கு அமர்த்திய வீட்டாருடையதேயாகும்.